வேலூர் வெயிலில் கம்ப்யூட்டர் ஃபேன்: மாட்டுவதும் ஓட்டுவதும்

புதிதாக டெஸ்க்டாப் சேர்ப்பவர்கள் வேலூர்ப் பக்கத்தில் முதலில் கேட்பது, "எத்தனை ஃபேன் போடணும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: கம்ப்யூட்டர் வைக்கப்போகும் அறையில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு எவ்வளவு சூடு இருக்கும்?

ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளி, அறைக்காற்றை உள்ளே இழுக்கிறது. அறைக்காற்றின் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனாலும் பிராசசரைக் கொண்டுவர முடியாது. 22 டிகிரி அறையில் முழு வேலை கொடுத்தபோது பிராசசர் 65 டிகிரியில் நின்றது என்று ஒரு சோதனையில் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கம்ப்யூட்டரை அதே வேலையோடு 38 டிகிரி அறையில் ஓட்டினால் ஏறக்குறைய 81-ல் போய் நிற்கும். அறைக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள 43 டிகிரி இடைவெளி பெரிதாக மாறாது. ஃபேனையும் ஹீட்சிங்கையும் (பிராசசர்மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) சரியாக அமைத்தால் நாம் குறைப்பது அந்த இடைவெளியைத்தான்.

வேலூரைச் சுற்றிப் பாறை மலைகள். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். வானிலை மையம் வெளியிடும் வெயில் பட்டியலில் ஊர்ப் பெயர் அடிக்கடி மேலே வரும். செய்தித்தாளில் "106 டிகிரி" என்று ஃபாரன்ஹீட்டில் போடுவார்கள். கம்ப்யூட்டர் காட்டும் செல்சியஸில் அது 41. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையென்றால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கான்கிரீட் தன் சூட்டை இறக்க ஆரம்பிக்கும். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ அப்படி ஒரு அறையில் உட்கார்ந்து இரவு கேம் ஆடுகிறவருக்கும், ஏசி அறையில் ஆடுகிறவருக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. கடையில் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிடாமல் ஒரு மணி நேரம் செலவழித்து இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேர வேலையைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதல் வேலை: கையில் இருக்கும் ஃபேனைப் பார்ப்பது

கேபினெட் (கம்ப்யூட்டர் பாகங்கள் இருக்கும் பெட்டி) ஃபேன்களில் பெரும்பாலானவை 120 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன். 140, 92, 80 மில்லிமீட்டரிலும் உண்டு. எது பொருந்தும் என்பது கேபினெட்டில் உள்ள திருகு ஓட்டைகளைப் பொறுத்தது. அளவை விட முக்கியமானது வயர்.

இரண்டு வயர் மட்டும் இருந்தால் 12 வோல்ட்டும் கிரவுண்டும். ஓடும், அவ்வளவுதான், எந்த வேகத்தில் ஓடுகிறது என்று மதர்போர்டுக்குத் தெரியாது. மூன்று வயர் என்றால் மூன்றாவது வயர் வேகத்தைச் சொல்லும். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த வயரில் இரண்டு துடிப்புகள் வரும். மதர்போர்டு அவற்றை எண்ணி ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று திரையில் காட்டும். இந்த வகை ஃபேனின் வேகத்தைக் குறைக்க மதர்போர்டு 12 வோல்ட்டையே குறைத்துக் கொடுக்கும். 5 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் பல ஃபேன்கள் நின்றுவிடும், அல்லது நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல் திணறும்.

நான்கு வயர் என்றால் பி.டபிள்யூ.எம். ஃபேன். 12 வோல்ட் முழுதாக எப்போதும் போய்க்கொண்டிருக்கும். நான்காவது வயரில் நொடிக்கு 25,000 முறை அளவில் ஒரு சிக்னல் வரும். அந்தச் சிக்னல் எவ்வளவு நேரம் "ஆன்" நிலையில் இருக்கிறது என்பதை வைத்து ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் வேகத்தை முடிவு செய்யும். அதனால் இருபது சதவீதம் வரை தடுமாறாமல் மெதுவாக ஓடக்கூடியது. வாங்குவதானால் இதையே வாங்குங்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான், இந்த ஊர் வெயிலுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

பெரிய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டர் மட்டும் உள்ள ஃபேன்களும் கேபினெட்டோடு வரும். மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. இவை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) நேராகக் கரண்ட் எடுத்து எப்போதும் முழு வேகத்தில் கத்திக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை, ரிமோட்டோடு வரும் கலர் ஃபேன் செட். ஆறு பின் கனெக்டரில் பல ஃபேன்களை ஒன்றாக மாட்டும் தன் சொந்த ஹப்பில் மட்டும்தான் அது உட்காரும். அந்த ஹப்பிலிருந்து மதர்போர்டுக்கு ஒரு வயர் வருகிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் வேகத்தை ரிமோட்டில் மாற்றலாம், ஆனால் சூட்டுக்கு ஏற்ப அது தானாக மாறாது. சென்னை ரிச்சி தெரு வரை போய் நான்கு கலர் ஃபேன் வாங்கி வருவதை விட, அதே பணத்தில் இரண்டு நல்ல பி.டபிள்யூ.எம். ஃபேன் வாங்குவது மேல்.

காற்று எந்தப் பக்கம் போகிறது

ஃபேனின் ஒரு பக்கம் திறந்திருக்கும். இறக்கைகள் நன்றாகத் தெரியும். மறுபக்கம் மோட்டாரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு குச்சிகள் இருக்கும். திறந்த பக்கத்தில் காற்றை உறிஞ்சி, குச்சிகள் உள்ள பக்கத்தில் வெளியே விடும். சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். அழகுக்காகத் தலைகீழாகச் செய்த ரிவர்ஸ் ஃபேன்களும் இப்போது வருவதால், சந்தேகம் இருந்தால் ஓடவிட்டு ஒரு தினக்காலண்டர் தாளைப் பக்கத்தில் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது.

முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள வேண்டும். சாதாரண கேபினெட்டுக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மேலே பின்பக்கமாக இன்னொன்று சேர்க்கலாம். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு ஃபேனுக்கும் கிடைக்கும் பலன் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று சுருங்கிக்கொண்டே போகும்.

உள்ளே வரும் காற்று வெளியே போகும் காற்றை விடக் கொஞ்சம் அதிகமாக இருப்பது நம் ஊருக்கு நல்லது. அப்படி இருந்தால் கேபினெட்டின் சந்து பொந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசி அந்த வழியாக உள்ளே புகாது, வடிகட்டி உள்ள முன்பக்கத்தில் மட்டுமே நிற்கும். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒரு மாதத்திலேயே தெரியும்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினெட்டைத் தவிர்த்துவிடுங்கள். காற்று வர வழியில்லாமல் மூன்று ஃபேன் சுற்றுவது, ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டுச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது மாதிரி. கேபினெட் முன்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும், பின்பக்கமும் அப்படியே. கம்ப்யூட்டர் மேசையில் சிபியூவுக்கென்று கதவு வைத்த ஒரு பெட்டி செய்து கொடுப்பார்கள்; அதில் வைத்தால் பின்னால் தள்ளிய சூடான காற்று சுற்றி வந்து முன்னால் மறுபடி உள்ளே போகும். அதை விட்டு வெளியே எடுத்து வையுங்கள்.

மாட்டும் முறை

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சை அணைத்து, பவர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸில் இருந்தால் அதிலிருந்தும். அப்புறம் பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஃபேனோடு வரும் திருகுகள் தடிமனாக, பிளாஸ்டிக்கைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கும் வகை. முதல் முறை இறுக்கமாகத்தான் போகும். நான்கையும் பாதி வரை திருகிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் நெரியும் வரை போக வேண்டாம். ஃபேன் ஆடாமல் நின்றால் போதும்.

இப்போது மதர்போர்டைப் பாருங்கள். பிராசசர் பக்கத்தில் "சிபியூ ஃபேன்" என்று அச்சிட்ட நான்கு பின் ஹெடர், அதாவது ஃபேன் வயரைச் செருகும் பின் வரிசை இருக்கும். பிராசசர் மேல் உட்காரும் ஃபேன் அங்கேதான் போக வேண்டும், வேறெங்கும் போகக்கூடாது. அந்த ஹெடரில் சுற்றும் சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஃபேன் பிழை என்று காட்டி, எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றுவிடும். பக்கத்தில் "சிபியூ ஆப்ட்" இருந்தால் அது பிராசசர் கூலரின் (ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்தது) இரண்டாவது ஃபேனுக்கு. "பம்ப்" என்று இருப்பது லிக்விட் கூலருக்கு. பம்ப்பை எப்போதும் முழு வேகத்தில் விடுவதுதான் சரி. "சிஸ் ஃபேன்" அல்லது "சேசிஸ் ஃபேன்" என்று எண் போட்டு இருப்பவைதான் கேபினெட் ஃபேன்களுக்கு. போர்டின் ஓரங்களில் சிதறிக் கிடக்கும். மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்துத் தேடினால் உடனே கிடைக்கும்.

ஹெடரில் ஒரு பக்கம் சின்னப் பிளாஸ்டிக் தகடு நிற்கும். கனெக்டரில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். மூன்று பின் கனெக்டரை நான்கு பின் ஹெடரில் மாட்டலாம்: தகட்டோடு பள்ளத்தைப் பொருத்தினால் ஓரத்தில் ஒரு பின் காலியாக நிற்கும், அது சரிதான். நான்கு பின் ஃபேனை மூன்று பின் ஹெடரில் மாட்டினாலும் ஓடும். பலம் கொடுத்து அழுத்த வேண்டிய அவசியம் எதிலும் வராது. வந்தால் திசை தவறு.

ஹெடர் போதவில்லை என்றால் ஒரு ஹெடரிலிருந்து இரண்டு ஃபேனுக்குப் பிரிக்கும் ஒய் வயர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட் வரை கொடுக்கும். ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரில் 12 வோல்ட், 0.20 ஆம்பியர் என்பது போலப் போட்டிருக்கும். 0.20 உள்ள மூன்று ஃபேன் என்றால் 0.60, பயமில்லை. 0.45 உள்ள மூன்றைச் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். கிளம்பும் நொடியில் ஃபேன் கூடுதலாக இழுக்கும் என்பதால் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சாட்டா பவர் வயரிலிருந்து கரண்ட் எடுத்து, மதர்போர்டிலிருந்து சிக்னலை மட்டும் வாங்கும் ஹப் நல்லது. ஒய் வயரானாலும் ஹப்பானாலும் ஒரே ஒரு ஃபேனின் வேகம்தான் திரையில் தெரியும். மற்றது செத்துப்போனால் மதர்போர்டு சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மூன்று வயர் ஃபேனையும் நான்கு வயர் ஃபேனையும் ஒரே ஒய் வயரில் கலக்காதீர்கள்: ஒன்றுக்குப் பொருந்தும் முறை மற்றதற்குப் பொருந்தாது.

கலர் லைட் உள்ள ஃபேனில் இரண்டாவதாக ஒரு வயர் தனியாக வரும். இதில்தான் பொருட்கள் எரிகின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள். ஏ.ஆர்.ஜி.பி. என்பது 5 வோல்ட்; நான்கு இடத்தில் மூன்று பின் மட்டும், நடுவில் ஒரு இடம் காலி. சாதாரண ஆர்.ஜி.பி. என்பது 12 வோல்ட். நான்கு பின்னும் வரிசையாக இருக்கும். 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட் ஹெடரில் வலிந்து செருகினால் அந்த லைட் அன்றோடு முடிந்தது. இரண்டுமே ஃபேனைச் சுற்ற வைக்கும் ஹெடர் கிடையாது. லைட் எரிந்து ஃபேன் சுற்றாமல் நின்றால், மாட்ட வேண்டிய வயரில் ஒன்றுதான் மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வயர்களை மதர்போர்டுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் கேபிள் டை போட்டுவிடுங்கள். தொங்கும் வயர் இறக்கையில் பட்டால் டக டக என்று சத்தம் வரும், சில நேரம் ஃபேனே நின்றுவிடும்.

பயாஸில் வேகத்தை அமைப்பது

கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரை திறக்கும். ஏசுஸ் போர்டில் "கியூ ஃபேன்", ஜிகாபைட்டில் "ஸ்மார்ட் ஃபேன்", எம்.எஸ்.ஐ.யில் "ஹார்டுவேர் மானிட்டர்", ஏஸ்ராக்கில் "ஃபேன்டாஸ்டிக் டியூனிங்" என்று பெயர் வேறுபடும். உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான்: கீழே டிகிரி, பக்கவாட்டில் வேகச் சதவீதம், நடுவே இழுத்து நகர்த்தும் நான்கைந்து புள்ளிகள்.

முதலில் ஒவ்வொரு ஹெடருக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வயர் ஃபேனுக்கு டி.சி. (வோல்ட்டைக் குறைக்கும் முறை), நான்கு வயருக்கு பி.டபிள்யூ.எம். ஆட்டோ என்று விட்டாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். மூன்று வயர் ஃபேன் உள்ள ஹெடரை பி.டபிள்யூ.எம். முறையில் விட்டால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். "என்ன குறைச்சாலும் சத்தம் குறையலை" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்போது வளைவு, அதாவது அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு. கடையிலிருந்து வரும் அமைப்பில் 45, 50 டிகிரியிலிருந்தே வேகம் ஏறத் தொடங்கும். குளிர்ந்த அறைக்கு அது பொருந்தும். மே மாத மதியம் வேலூரில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே பிராசசர் 50-ஐத் தொட்டிருக்கும். அப்படியானால் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே 50-லிருந்து 62-க்குத் தாவும், ஃபேன் உறுமும், மறு நொடி இறங்கும். நாள் முழுக்க இந்த உறுமல். இதனால் பிராசசருக்கு ஒரு பலனும் இல்லை, ஃபேனுக்குத் தேய்மானம், நமக்குத் தலைவலி.

அதற்கு வழி இப்படி. வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரு மதியம் கம்ப்யூட்டரை ஆன் செய்து, பத்து நிமிடம் எதுவும் திறக்காமல் விட்டு, பிராசசர் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 52 என்று வருகிறதென்று வைப்போம். அதோடு ஐந்தாறு சேர்த்து 58 வரை வளைவைத் தட்டையாக வையுங்கள். அந்தத் தட்டையான பகுதி 40 அல்லது 45 சதவீதமாக இருக்கட்டும். குளிர் ஊர்க்காரர்கள் வைக்கும் 20, 25 நமக்குப் போதாது, ஹார்டு டிஸ்கும் மதர்போர்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். அங்கிருந்து 70 டிகிரிக்கு 65 சதவீதம், 80-க்கு 85 சதவீதம், 88-க்கு 100 என்று ஏற்றுங்கள். கேபினெட் ஃபேன்களுக்கு இன்னும் நிதானமான ஏற்றம் போதும்.

கோடையின் உச்சத்தை வைத்துத் தட்டைப் பகுதியை அமைத்துவிட்டால் மார்கழியில் மாற்ற வேண்டிய வேலை இல்லை. அப்போது பிராசசர் தானாகவே அந்தத் தட்டைக்குள் கிடக்கும்.

எந்த டிகிரியில் 100 சதவீதம் வைப்பது என்பது உங்கள் பிராசசரைப் பொறுத்தது. இன்டெலில் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. ஏ.எம்.டி.யின் ரைசனில் மாடலைப் பொறுத்து 90, 95 என்று வரும். அந்த எல்லையைத் தொட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது, ஆனால் கொடுத்த காசுக்கு வேலை செய்யாது. எல்லைக்கு ஏழெட்டு டிகிரி முன்பே ஃபேன் முழு வேகத்துக்கு வந்துவிட வேண்டும்.

அதே பக்கத்தில் வேகம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று இருக்கும்; சில போர்டுகளில் டிகிரி இடைவெளி என்று இருக்கும். ஏற மூன்று நொடி, இறங்க அதற்கு இரு மடங்கு கொடுங்கள். டிகிரி இடைவெளி என்றால் 3 வையுங்கள். சட்டென்று தாவி இறங்கும் சூட்டுக்கெல்லாம் ஃபேன் ஓடிவராது. குறிப்பிட்ட சூட்டுக்குக் கீழே ஃபேனை நிறுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நம் ஊரில் அது தேவைப்படும் நாள் மிகக் குறைவு. எஃப்10 அழுத்தினால் சேமிக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், முழு வேக மோகத்தைக் குறைக்க உதவும். ஃபேன் தள்ளும் காற்று வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். அதற்கு ஆகும் மின்சாரமோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (வேகம் × வேகம் × வேகம்) கூடும். 80 சதவீத வேகத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது. சத்தமும் நன்றாக அடங்கும். நாள் முழுக்க ஓடும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

மென்பொருள் வழியாக

பயாஸ் பொதுவாகக் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைப் பார்ப்பதில்லை. கேம் ஆடும்போது அதிகம் கொதிப்பது அந்தக் கார்டுதான். கேபினெட் ஃபேனோ பிராசசரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சுற்றும். விண்டோஸில் "ஃபேன் கன்ட்ரோல்" என்ற இலவச மென்பொருள் இதைத் தீர்க்கும். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டில் எது அதிகம் சுடுகிறதோ அதைப் பின்பற்றும்படி கேபினெட் ஃபேனை அமைக்கலாம். மதர்போர்டு கம்பெனியின் மென்பொருளையும் இதையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள்; இரண்டும் ஒரே சிப்புக்கு வெவ்வேறு கட்டளை கொடுத்தால் ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் எல்.எம். சென்சார்ஸ் தொகுப்பை நிறுவினால் சிப்பைக் கண்டுபிடிக்கும் கட்டளை, ஃபேனை அமைக்கும் கட்டளை எல்லாம் அதைச் சார்ந்தே கிடைக்கும். அங்கே வேகம் 0 முதல் 255 வரை எண்ணாக இருக்கும், 128 என்றால் பாதி.

சூடு குறையவில்லை என்றால்

காட்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, எல்லா ஃபேனும் சுத்துது, ஆனா சூடு குறையவே மாட்டேங்குது." "தம்பி, எவ்வளவு நேரத்துல ஏறுதுன்னு பாத்தியா?" என்று கேட்பேன். அந்த ஒரு விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது.

முழு வேலை கொடுத்ததும் சில நொடிகளிலேயே 95-ஐத் தாண்டினால் கேபினெட் ஃபேன்மேல் குற்றம் இல்லை. ஹீட்சிங்க் பிராசசர்மேல் சரியாகப் படியவில்லை. அல்லது இரண்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அல்லது கூலரின் அடியில் இருந்த பாதுகாப்புத் தாளை உரிக்காமலேயே மாட்டிவிட்டார்கள். இன்டெலோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அதில் ஒன்று சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் எழும்பி நிற்பது மிகச் சாதாரணம். மதர்போர்டின் பின்பக்கம் பார்த்தால் எந்தக் கால் இறங்கவில்லை என்று தெரியும்.

அப்படி இல்லாமல் பத்து பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏறிக்கொண்டே போனால், கேபினெட்டுக்குள் சூடு தேங்குகிறது. பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையை மறுபடி கொடுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் காற்று வரும் வழி அடைபட்டிருக்கிறது அல்லது ஒரு ஃபேன் திசை மாறி இருக்கிறது. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்குகிறது என்றால் கேபினெட்டை விட்டுவிடுங்கள், அறையைக் கவனியுங்கள். முழு வேகத்தில் 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அந்த 300 வாட்டையும் சூடாக அறையில்தான் கொட்டுகிறது. கதவு ஜன்னல் சாத்திய சின்ன அறையில் ஒரு மணி நேரத்தில் அது நன்றாகவே தெரியும். சாயங்காலம் வெளிக்காற்று அறையை விடக் குளிர்ந்ததும் ஜன்னலைத் திறந்து, எதிரில் கதவையும் திறந்து வைத்தாலே கம்ப்யூட்டரின் சூடும் கூடவே இறங்கும்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி மேம்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிராண்டட் மாடல்கள் பலவற்றில் ஃபேன் கனெக்டரின் வடிவமும் பின்களின் வரிசையும் வேறாக இருக்கும். கடையில் கிடைக்கும் ஃபேன் உட்காராது. சிலவற்றில் உட்கார்ந்தும் தவறான பின்னுக்கு 12 வோல்ட் போய்விடும். அந்த மாடலுக்கென்றே விற்கும் ஃபேனையோ மாற்று வயரையோ வாங்கிப் போடுங்கள்.

தூசி

மாதம் ஒருமுறை முன்பக்க வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. கேபினெட்டுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புளோயர் அடித்தால் போதும். அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் புளோயர் காற்றில் அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும்; சுற்றும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் திருப்பிக் கரண்ட் அனுப்பவும் வாய்ப்புண்டு. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு போலப் படிந்திருப்பதைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் காற்று அடியுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் ஃபேனிலிருந்து கரகர என்று சத்தம் வந்தால், அல்லது ஆன் செய்ததும் கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் சுற்றுகிறதென்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்து எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், மறுபடி நிற்கும். பிராசசர் ஃபேனாக இருந்தால் அந்தச் சில வாரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அதே அளவு, அதே எண்ணிக்கை வயர் உள்ள புது ஃபேனை வாங்கி, கோடை தொடங்குவதற்குள் மாற்றிவிடுங்கள்.